இரண்டு விரலால் இழுத்த வீடு

என் அக்கா வீட்டுக்குக் கல் வைத்த அன்று அங்கே இருந்தவர்கள் சரியாக எட்டுப் பேர். கணக்கை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இப்போது விசாரித்தால் கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டையில் பாதிப் பேர் தாங்களும் அங்கே நின்று கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார்கள். வீடு கட்டப்போகிற என் அக்கா ஜெயந்தி. அவளுடைய வீட்டுக்காரர் யோகன் அத்தான். அத்தானின் அம்மா, அக்காவும் நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவோம். அக்குறணையிலிருந்து வந்த நசீர் பாஸ். (பாஸ் என்றால் எங்கள் பக்கத்தில் முதலாளி இல்லை, கட்டட வேலை செய்கிற மேசன். முதலாளிகூட அவர் சொன்னதைத்தான் கேட்கவேண்டும் என்பது வேறு விஷயம்.) அவருடைய வேலையாட்கள் இரண்டு பேர். பக்கத்து வீட்டு சீலாவதி அம்மா, ஒரு தட்டு பால்சோற்றுடன். எட்டாவது ஆள் நான். ஒன்பது பேர் என்று சொல்கிறவர்கள் என் கக்கத்தில் இருந்த டெப்லட்டையும் சேர்த்து எண்ணுகிறார்கள். அது அன்றைக்குச் செய்த வேலையைப் பார்த்தால் அதையும் ஓர் ஆளாக எண்ணுவது நியாயம்தான்.

கவலைப்படுவது என் தொழில், வீட்டுப் படம் வரைவது உபதொழில். பாலத்தில் பஸ் நின்றால் பாலம் தாங்குமா என்று யோசிப்பேன். பஸ் நகர்ந்தால் பிரேக் பிடிக்குமா என்று யோசிப்பேன். ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வறுமைதான் காரணம் என்று ஊரில் சொல்லிவைத்திருக்கிறேன். (வறுமையும் இருந்தது. ஆனால் அதே வறுமையில் அக்கா மேலும் இரண்டு வகுப்புப் படித்தாள்.) உண்மையில் பரீட்சை வரும் முன்னே எனக்கு வாந்தி வந்துவிடும். மூன்று தவணை தொடர்ந்து வாந்தி எடுத்தபிறகு, வயிற்றுக்கும் படிப்புக்கும் ஒத்துவரவில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள்.

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு வந்து, வீட்டுப் படம் வரைகிற ஓர் ஐயாவின் அலுவலகத்தில் சேர்ந்தேன். முதலில் தேத்தண்ணி, பிறகு பென்சில், பிறகு கணினி. கணினிக்கு வந்த பதினைந்து வருடத்தில் தனியாக வரைகிற அளவுக்கு வந்துவிட்டேன். கீழே கையெழுத்துப் போடப் படித்தவர் ஒருவர் வேண்டும். கோடு போட நான் போதும்.

அப்போதுதான் அந்த டெப்லட் என் வாழ்க்கையில் வந்தது. சாப்பாட்டுத் தட்டை விடப் பெரியது, பள்ளிக்கூடச் சிலேட்டை விட மெல்லியது. பக்கத்தில் காந்தம் போல ஒட்டிக்கொள்ளும் ஒரு பேனை. கண்டியில் ஒரு கடையில் அதைத் தொட்டுப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை. போனில் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளினேன். ஒவ்வொன்றிலும் ஒருவர் சட்டையில் சுருக்கமே இல்லாமல் வந்து, இனிமேல் தொழிலுக்குக் கணினியே தேவையில்லை, எல்லாம் இதிலேயே முடிந்துவிடும் என்றார். பன்னிரண்டு காணொளி பார்த்தேன். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இத்தனை பேர் நிம்மதியாக இருக்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் கவலை என்று தோன்றியது. என் ஆயுளிலேயே நான் கவலைப்படாமல் எடுத்த ஒரே முடிவு அது. மேசைக் கணினியை ஒரு டியூசன் மாஸ்டருக்கு விற்றேன், சேமிப்பைச் சுரண்டி டெப்லட்டை வாங்கினேன்.

வாங்கிய அடுத்த மாதம்தான் அக்கா வீட்டு வேலை தொடங்கியது.

அந்த வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எங்கள் குடும்பத்தில் சொந்த நிலத்தில் வீடு கட்டுகிற முதல் ஆள் அக்காதான். அத்தான் ஹார்ட்வெயார் கடையில் ஸ்டோர் பார்க்கிறார். ஊருக்கெல்லாம் சீமெந்து மூட்டை எண்ணிக்கொடுத்து, தனக்கென்று ஒரு மூட்டை வாங்க அவருக்குப் பதினொரு வருடம் எடுத்தது. அக்கா அக்குறணையில் ஒரு துணிக்கடைக்குச் சட்டை தைத்துக்கொடுக்கிறாள். இருவருமாகச் சேர்த்து, கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி மேலே ஏறுகிற மேட்டில் ஒன்பது பேர்ச்சஸ் காணி வாங்கியிருந்தார்கள். அதுவரை வாடகைக்கு இருந்த இடத்தில் குசினி என்பது மாடிப்படிக்குக் கீழே ஒரு பொந்து. அக்கா தேங்காய் துருவும்போது யாராவது படியேறினால் தேங்காய்ப்பூவில் தூசி விழும். அதனால் அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

“குசினி பத்தடி வேணும்டா தம்பி. அடுப்பு ஒரு பக்கம், தையல் மெசின் ஒரு பக்கம். நடுவுல நான் ஒரு ஆளு சுத்தித் திரும்பணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்.”

அத்தைக்கு நான் வரைவதில் அவ்வளவு விருப்பம் இல்லை. “ஏன், படிச்சவங்க யாரும் கெடைக்கலையா?” என்று கேட்டாராம். கல்யாணம் முடிந்தபிறகு முதல்முறையாக அக்கா அன்றைக்குத்தான் மாமியாரை எதிர்த்துப் பேசினாளாம். “என் தம்பி வரைஞ்சா வரைஞ்ச மாதிரி இருக்கும் அத்தை. பிழை வந்தா என்னைய கேளுங்க.” இது எனக்குத் தெரியவந்தபோது மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

உள்ளூராட்சிச் சபையில் அனுமதி வாங்குகிற பிளானைக் கணினி இருந்த காலத்திலேயே வரைந்து முடித்திருந்தேன். முத்திரை குத்தி வந்ததும் அத்தான் அதை லாமினேட் செய்து அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். “வேல நடக்கிற எடத்துக்கு இத கொண்டுபோனா சீமெந்து பட்டுரும் மச்சான். நீ வேற ஒண்ணு போட்டுக்குடு.” ஆகவே வேலைக்கென்று தனியாக ஒரு தாள். அடுப்பு எங்கே, ஜன்னல் எங்கே, கரண்டுப் பிளக் எங்கே என்று எல்லாம் போட்டு, டெப்லட்டில்.

அதை வரைந்த மாலை எனக்கு இன்னும் இனிக்கிறது. அக்கா வீட்டில் பாயில் உட்கார்ந்து, டெப்லட்டை நடுவில் வைத்து வரைந்தேன். கணினி என்றால் நான் முதுகைக் காட்டிக்கொண்டு வரைவேன், அவள் பின்னால் நின்று கதிரையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். இதில் அப்படி இல்லை. “இந்த ஜன்னல இங்கிட்டுத் தள்ளேன்” என்றாள், தள்ளினேன். “இன்னும் கொஞ்சம்.” பிறகு பொறுமை இழந்து என் கையிலிருந்து பேனையைப் பிடுங்கித் தானே ஒரு ஜன்னல் வரைந்தாள். கோணல் ஜன்னல். அதற்கு இரண்டு கதவு போட்டு, ஒரு திரைச்சீலையும் போட்டாள். தையல்காரி இல்லையா, திரைக்கு மடிப்பெல்லாம் வந்தது. கணினியில் பதினைந்து வருடம் வரைந்த எனக்கு, வீட்டுக்காரி தன் வீட்டைத் தானே வரைவதை அன்றைக்குத்தான் பார்க்கக் கிடைத்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் இரண்டு கோளாறு செய்தேன்.

முதலாவது: டெப்லட்டில் படத்தைக் கண்ணாடித் தாள்கள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வரையலாம். ஒன்றில் சுவர், ஒன்றில் அளவு எண்கள். எண்கள் இருந்தால் படம் எறும்பு மொய்த்த மாதிரி இருக்கிறது, அக்காவுக்கு அழகாகக் காட்டுவோம் என்று எண்கள் இருந்த தாளை மறைத்துவைத்தேன். மறைத்ததை மறந்தும் விட்டேன்.

இரண்டாவது கொஞ்சம் அவமானமானது. கணினியை விற்றபிறகுதான் தெரிந்தது, என்னுடைய பழைய பிரிண்டர் டெப்லட்டோடு பேச மாட்டேன் என்கிறது. வயர் போட்டுப் பார்த்தேன், வயர் இல்லாமலும் பார்த்தேன், இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன, சம்பந்தி சண்டை போல. அதனால் படத்தைப் போனுக்கு அனுப்பி, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோ கொப்பி அடிக்கிற ஒரு கொமினிகேசனுக்குப் போனேன். நான் வரைந்தது பெரிய தாளுக்கு, ஏ3. கால் அங்குலம் ஓர் அடி என்ற கணக்கில். கீழே அப்படித்தான் எழுதியும் இருந்தது. கவுண்டரில் இருந்த பிள்ளை தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“ஏ4 தானே?”

எனக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். ஒருவர் கையில் மரணச் சான்றிதழ். எனக்குப் பின்னால் ஆள் நின்றால் என்ன கேட்டாலும் ஆமாம் என்றுதான் சொல்வேன், அது என் சுபாவம். (ஒருமுறை இப்படித்தான் பஸ்ஸில் “மாத்தளையா?” என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லி மாத்தளைக்கே போய்விட்டேன்.)

“ஆமா ஆமா.”

மெசின் என் படத்தைத் தாளுக்கு அடங்குகிற மாதிரி அழகாகச் சுருக்கி அச்சடித்தது. ஆனால் கீழே ‘கால் அங்குலம் = ஓர் அடி’ என்று எழுதியிருந்தது மட்டும் சுருங்கவில்லை. எழுத்துச் சின்னதாயிற்று; சொன்ன சொல் அப்படியே இருந்தது. நான் தாளை நான்காக மடித்து அத்தானிடம் கொடுத்தேன், அத்தான் பாஸிடம் கொடுத்தார். பாஸ் கயிறு கட்டி அத்திவாரம் தோண்டிய மூன்று நாளும் நான் அந்தப் பக்கமே போகவில்லை. டெப்லட் பேனைக்கு முனை தேய்ந்துவிட்டது என்று கண்டி முழுக்க அலைந்துகொண்டிருந்தேன்.

கல் வைக்கிற சுபநேரம் பத்து நாற்பத்திரண்டிலிருந்து பதினொன்று ஆறு வரை. நான் பத்து மணிக்கே மேடேறிப் போய்விட்டேன். மழை வருமா, மண் சரியுமா, குழிக்குள் பாம்பு கிடக்குமா என்று கவலைகளைப் போகும் வழியிலேயே முறையாகப் பட்டு முடித்திருந்தேன்.

போய்ப் பார்த்தால் சிவந்த மண்ணில் அத்திவாரக் குழி நேர்த்தியாக ஓடுகிறது. மூலைகள் கத்தியால் வெட்டியது போல. ஆனால் எனக்கு என்னவோ போல இருந்தது.

“அத்தான், கொஞ்சம் சின்னதா தெரியுதோ?”

அத்தான் சிரித்தார். “அத்திவாரத்துல எல்லா வீடும் சின்னதாத்தான் தெரியும் மச்சான். நான் எத்தன வீட்டுக்கு சாமான் ஏத்தியிருக்கேன். சுவர் எழும்பட்டும், பாரு.”

இது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. சீலாவதி அம்மாவும் சிங்களத்தில் அதையே சொன்னார். தன் வீட்டு அத்திவாரத்தைப் பார்த்து, இது கோழிக்கூட்டுக்கா என்று தான் அழுததாகவும், இப்போது கூட்டிப் பெருக்க இடுப்பு ஒடிவதாகவும். அத்தையும் தலையை ஆட்டினார். ஊரே ஆறுதல் சொல்லும்போது நான் மட்டும் ஏன் கவலைப்படவேண்டும்? நாற்பது வருடமாக இல்லாததற்கெல்லாம் கவலைப்பட்ட நான், உண்மையிலேயே ஒன்று இருந்த அந்த ஒரு நாளில் நிம்மதியாக இருந்தேன்.

நிம்மதியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அத்தான் ஒரு பக்கத்தைக் காட்டி, “எவ்வளவு எடம் மிச்சம் பாத்தியா? இதுல நாலு வாழை, ஒரு கொய்யா வெக்கலாம். நான் இவ்வளவு மிஞ்சும்னு நெனைக்கல” என்றார். நான் டெப்லட்டைத் தட்டிக்கொண்டு சொன்னேன்:

“நெலத்த மிச்சம் புடிக்கிற மாதிரிதான் அத்தான் வரைஞ்சேன். இதெல்லாம் கணினியில வராது. இதுல வரைஞ்சாத்தான் வரும்.”

இதை நான் சொன்னேன். ஏழு பேர் முன்னால், சத்தமாக. இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

அதற்குள் அக்கா குழியைத் தாண்டி உள்ளே இறங்கிவிட்டாள். அவளுடைய குசினி இருக்கப்போகிற இடத்தில் நின்றாள். இடது கையை நீட்டினாள், அடுப்பு. வலது கையை நீட்டினாள், மெசின். பிறகு ஒரு சுற்றுச் சுற்றினாள். முந்தானை இரண்டு பக்கக் குழியிலும் உரசியது. நின்றாள். மறுபடி மெதுவாகச் சுற்றினாள். பிறகு கைப்பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தாள். எந்த வேளையிலும் அது அவளிடம் இருக்கும். கல்யாண வீட்டில்கூட யாராவது சட்டைக்கு அளவு கொடுப்பார்கள்.

“டேய் ரவி. இங்க வா. அந்த நுனியப் புடி.”

பிடித்தேன்.

“எவ்வளவு?”

“ஏழடி... ஒரு அங்குலம்.”

“நான் எவ்வளவு கேட்டேன்?”

நான் நாடாவை இன்னொரு முறை பார்த்தேன். அவள் அதட்டவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். “துணின்னா சுருங்கும், எனக்குத் தெரியும். வீடு சுருங்குமாடா?”

நசீர் பாஸை ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார், கூடவே ஒரு ஸ்டீல் அடிமட்டத்தையும்.

“ஒங்கட பிளான்ல நம்பர் ஒண்டும் இல்லையே தம்பி. நான் கோட்டத்தான் அளந்தன். கால் இஞ்சிக்கு ஒரு அடி செல்லி கீழ எழுதி ஈக்கி. நம்பர் எழுதுற ஆளுக்குத்தான் கை பிழைக்கும், கோடு பிழைக்காது. நான் எல்லா வூட்டுக்கும் இப்பிடித்தான்.”

“இவ்வளவு சின்னதா இருக்கேன்னு கேட்டிருக்கலாமே பாஸ்!”

அவர் அக்கா காதில் விழாமல் சொன்னார். “சல்லி பத்தாம சின்னதா போடுறீங்களாக்கும் செல்லி நெனச்சன். கேட்டா மனசு நோகுமே.”

எண்கள் இருந்த தாளை நான் மறைத்துவைத்தது அந்த நிமிடம்தான் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் ஒரு புத்தியுள்ள மனிதன் உட்கார்ந்து அழுதிருப்பான். நான் டெப்லட்டைத் திறந்தேன். படம் சரியாக இருக்கிறது என்று நிரூபித்துவிட்டால் தரையில் இருக்கிற குழியும் சரியாகிவிடும் என்பது போல ஓர் எண்ணம். பாஸின் அடிமட்டத்தை வாங்கித் திரையில் குசினிக் கோட்டின்மேல் வைத்தேன். பத்தடி என்றால் இரண்டரை அங்குலம் வரவேண்டும். ஒன்றே முக்கால்தான் வந்தது.

அப்போது செய்தேன் அந்தக் காரியத்தை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் திரையில் வைத்து மெதுவாக அகட்டினேன். படம் பெரிதாயிற்று. அடிமட்டத்தைப் பார்த்தேன். இரண்டு. இன்னும் கொஞ்சம் அகட்டினேன். இரண்டேகால். இன்னும் ஒரு மயிரிழை. இரண்டரை!

“பாருங்க பாஸ்! பத்தடி! கரெக்டா இருக்கு! பாருக்கா!”

நசீர் பாஸ் என் முகத்தைப் பார்த்தார், டெப்லட்டைப் பார்த்தார், பிறகு குழியைப் பார்த்தார். அவர் குரலில் கிண்டல்கூட இல்லை, நோயாளியிடம் பேசுகிற மாதிரிப் பேசினார்.

“அல்லாஹ்வே. தம்பி, அந்த ரெண்டு வெரலயும் இந்த மண்ணுல வெச்சி ஒருக்கா இழுங்க பாப்பம்.”

வேலையாட்களில் ஒருவர் சிரிப்பை அடக்கமுடியாமல் கிணற்றடிப் பக்கம் போய்விட்டார். (கிணறு இன்னும் தோண்டவில்லை. அவர் போனது வெறும் பற்றைக்குள்.)

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பாஸ் கையிலிருந்த தாளை வாங்கி, தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு வெளியே ஓடிப்போய் படுக்கையறையை அளந்தாள், கக்கூசை அளந்தாள். பன்னிரண்டு அடி எட்டரை ஆகியிருந்தது. ஐந்து அடி மூன்றரை ஆகியிருந்தது. “எல்லாம் ஒரே மாதிரி கொறைஞ்சிருக்கு” என்றாள். “எந்தத் தாள்ல அடிச்ச?”

“ஏ4.”

“அதான். போன வருசம் நான் பிளவுஸ் பேட்டன இப்பிடித்தான் சின்னத் தாள்ல கொப்பி அடிச்சு வெட்டினேன். முப்பத்தாறு சைசு பொம்பளைக்குத் தச்சது, பத்து வயசுப் புள்ளைக்கும் ஏறல.” பதினைந்து வருடம் வரைந்த நான் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஒரு நாடாவை வைத்துக்கொண்டு அவள் இரண்டு நிமிடத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டாள்.

மணி பத்து ஐம்பது. அத்தை குத்துவிளக்கை ஏற்றி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “என்ன அங்க கூட்டம்? நேரம் போகுதுல்ல?”

“ஒண்ணுமில்ல அத்தை. எந்த மூலையில கல்லு வெக்கிறதுன்னு பாக்கிறோம்.” அக்கா என் பக்கம் திரும்பி, உதட்டை அசைக்காமல் சொன்னாள். “அழுவாத. நீ அழுதா அவங்க பாத்துருவாங்க.”

பிழை வந்தால் என்னைய கேளுங்க என்று அவள் சொன்ன வார்த்தை என் தலைக்குள் இரும்பு போல விழுந்துகொண்டிருந்தது. அத்தை குழிவரைக்கும் வந்துவிட்டார். அக்கா கையிலிருந்த நாடாவைப் பார்த்தார். “என்ன ஜெயந்தி?”

அக்கா வாயைத் திறப்பதற்குள் நசீர் பாஸ் முந்திக்கொண்டார். “ஒண்டுமில்ல உம்மா. என்ட கையிலதான் பிழ. அளவு கொஞ்சம் மாறிட்டு. நான் சரிக்கட்டித் தாறன்.”

இந்த மனிதருக்கு என்ன அவசியம்? முப்பது வருடம் கட்டிய பெயரை எனக்காக ஒரு குழிக்குள் போட்டார். நான் தலையை ஆட்டிவிட்டிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். தலையாட்டுவதில்தான் நான் கெட்டிக்காரன் ஆயிற்றே. ஆனால் அன்றைக்குத் தலை அசையவில்லை. பரீட்சைக்கு முன்னால் வருமே, அதே வாந்தி வயிற்றிலிருந்து ஏறியது. வாயைத் திறந்தேன்; நல்ல வேளையாகச் சொற்கள்தான் வந்தன.

“இல்ல அத்தை. பாஸ் மேல பிழையில்ல. அக்கா மேலயும் இல்ல. நான்தான் சின்னத் தாள்ல அடிச்சுட்டேன். வரிசையில ஆள் நின்னாங்க, பயத்துல ஆமான்னு சொல்லிட்டேன். வீடே சின்னதாப் போயிருச்சு. தோண்டினதெல்லாம் வீண். திருப்பி வெளியே தள்ளித் தோண்டணும்.” சொல்லி முடிக்கும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து டெப்லட் திரையில் சொட்டிக்கொண்டிருந்தது. திரை அதை விரல் என்று நினைத்து, படத்தைக் கன்னாபின்னாவென்று நகர்த்திக்கொண்டிருந்தது.

அத்தை குழியை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“அப்ப, சரியாத் தோண்டினா வீடு இத விட பெருசா வருமா, சின்னதா வருமா?”

“பெருசா அத்தை.”

“பெருசா வரும்னா நீ ஏன்டா அழுவுற? சின்னதா வரும்னாத்தான நாங்க அழுவணும்?”

அக்கா முதலில் சிரித்தாள். அது அடக்கிவைத்த சிரிப்பு. தொடங்கியதும் நிறுத்தத் தெரியாமல் குழியின் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அத்தான் மட்டும் மிச்சமிருந்த நிலத்தை ஏக்கமாகப் பார்த்து, “அப்ப என் வாழை?” என்றார். அதற்குமேல் யாராலும் முடியவில்லை. என்ன நடந்தது என்று சீலாவதி அம்மாவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்து, என் வாயில் ஒரு துண்டுப் பால்சோற்றை ஊட்டிவிட்டார்.

மணி பதினொன்று. இன்னும் ஆறு நிமிடம். கல்லை எங்கே வைப்பது? நசீர் பாஸ் வடகிழக்கு மூலைக்குப் போனார். “இங்கேர்ந்துதான் கயிறு இழுத்தன். வூடு எந்தப் பக்கம் வளர்ந்தாலும் இந்த மூல அசையாது. இதுல வைங்க.” அந்த மூலையில் அத்தை கல்லை வைத்தார். அக்கா பால் ஊற்றினாள். அத்தான் ஐந்து சதக் காசு ஒன்றைப் போட்டார். என்னையும் கூப்பிட்டு ஒரு பூப் போடச் சொன்னார்கள். நான் போட்ட பூ பக்கத்துக் குழியில் விழுந்தது.

பெரிய டெப்லட் தொழிலுக்குக் கணினிக்குப் பதிலாக வருமா என்று இப்போது பலரும் என்னைக் கேட்கிறார்கள். (எப்படியோ செய்தி பரவியிருக்கிறது.) நான் பாதி வரும் என்பேன். வீட்டுக்காரர்களோடு பாயில் உட்கார்ந்து பேசிப் பேசி வரைய அதைப் போல ஒன்று இல்லை. பதினைந்து வருடக் கணினி எனக்குத் தராததை அது ஒரே மாலையில் தந்தது. ஆனால் மேசன் கையில் கொடுக்கிற தாளை இன்றும் கணினியில்தான் முடிக்கிறேன். அங்கே பன்னிரண்டு அடி என்று தட்டினால் பன்னிரண்டு அடிதான். என் விரல் நடுங்கினாலும் அது நடுங்காது. டியூசன் மாஸ்டரிடமே போய், விற்றதை விட அதிக விலை கொடுத்து என் பழைய கணினியைத் திரும்ப வாங்கிவந்தேன். அவர் அதில் பிள்ளைகளின் மார்க்குகளை ஏற்றிவைத்திருந்தார். கணக்குப் பாடத்தில் எல்லோரும் பாஸ்.

அக்காவின் குசினி பத்தடிதான். நான் தனியாகப் போய் மூன்று முறை அளந்தேன். அவள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கையை நீட்டிச் சுற்றுகிறாள், எதுவும் இடிப்பதில்லை. ஆனால் அந்தக் குடும்பத்தில் எது குறைந்தாலும் இப்போது ஒரே வழிதான். ரொட்டி சின்னதாக இருந்தால், “ரெண்டு வெரல வெச்சு இழு.” அத்தானுக்குச் சம்பளம் போதாவிட்டால், “சம்பளச் சிலிப்ப மேசையில வெச்சு ரெண்டு வெரலால இழுங்க.” நசீர் பாஸ் அக்குறணையில் தன் பேரப்பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாராம். அத்தைதான் எல்லாரிலும் மோசம். போன மாதம் எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் கொஞ்சம் குள்ளம் என்று யாரோ சொன்னதற்கு, “அதுக்கென்ன, எங்க ரவி இழுத்துக்குவான்” என்றார்.

திரும்பத் தோண்டியதற்கு இரண்டு ஆட்கள், மூன்று நாள் கூலி. பதினெட்டாயிரம் ரூபாய். நசீர் பாஸ் தன் கூலியை எடுக்கவில்லை, எவ்வளவு கெஞ்சியும். ஆட்களுக்கு அத்தான் கொடுத்துவிட்டார். அவருக்கு நான் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தேன். கடைசித் தவணையைக் கொண்டுபோனபோதுதான் அத்தானின் பிடிவாதம் தொடங்கியது. முதலில் தீபாவளிக்கு வாங்கிக்கொள்கிறேன் என்றார். தீபாவளி வந்ததும் பொங்கலுக்கு என்றார். பொங்கலுக்குக் காசை அவருடைய சட்டைப் பையில் திணித்துவிட்டு ஓடினேன். நான் பஸ் ஏறுவதற்குள் அக்கா பின்னாலேயே ஓடிவந்து என் பையில் திணித்தாள். ஏனக்கா இப்படி என்று கேட்டேன்.

“அவரு வேணாம்ங்கிறாருடா. கடன முழுசா அடைச்சிட்டா அப்புறம் நீ எதுக்கு இந்த மேட்ட ஏறி வரப்போறன்னு கேக்கிறாரு. நீ எதுக்கும் பயந்துகிட்டு வீட்டுலயே கெடப்பேல்ல.”

அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடனைக் கட்டத்தான் மேடு ஏறுகிறேன். அக்கா குசினியில் சோறு சாப்பிட்டுவிட்டு, கட்டாமல்தான் இறங்குகிறேன். இந்த வாரக் கணக்குப்படி அத்தானுக்கு நான் இன்னும் தரவேண்டியது மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.